பெட்ரோலின் பாதை அறிந்த பெண்மணி

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி



ஆகாயத்தில் விமானத்தின் ஓசை கேட்டால் நிமிர்ந்து பார்க்காத பிள்ளைகள் எங்கள் அம்பத்தூரில் இல்லை. ஆனால் அப்படிப் பறந்துகொண்டிருக்கும்போதே அதன் இன்ஜின் இருமத் தொடங்கினால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது வரும் வரையில் நானும் எண்ணியதில்லை.

அன்று தொழிற்பேட்டைச் சாலையில் என் தந்தையின் பழைய ஸ்கூட்டர் திடீரென்று வலுவிழந்து நின்றுவிட்டது. அப்பா டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருந்தது. குழாயை ரிசர்வுக்குத் திருப்பினார், பயனில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி உதைத்தார். வண்டி கிளம்பி நூறு அடி போய் மீண்டும் நின்றது. சாலையோரக் கடையிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். டேங்க் மூடியைச் சற்றே தளர்த்திவிட்டு உதைக்கச் சொன்னார். வண்டி குதிரை போலக் கிளம்பியது! மூடியிலுள்ள ஊசித்துளை சேற்றால் அடைபட்டிருந்ததாம். அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்குமாம்.

வீடு வந்து சேர்ந்த பிறகும் என் மனம் அதிலேயே நின்றது. ஸ்கூட்டர் நின்றபோது நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். ஆகாயத்தில் ஓரம் ஏது? மெக்கானிக் கடை ஏது? இந்த ஐயத்தோடு நூலகத்தில் தேடியபோதுதான் எமி ஜான்சன் அம்மையாரின் வரலாறு என் கைக்குக் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண்மணி என்று அவரைப் பொது அறிவு நூல்களில் ஒரே வரியில் படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த இரு கைகள் இருந்தன என்பது எனக்குப் புதிய செய்தி.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. நம் காசிமேட்டைப் போல மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு மீன் வணிகரின் மூத்த மகளாக 1903-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் எமி பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனுக்குச் சென்று ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தட்டெழுத்து அடிக்கும் வேலையில் அமர்ந்தார். இதுவரையில் அவர் வாழ்வில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

1928-ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வடமேற்கேயுள்ள ஸ்டாக் லேன் விமானத் திடலில் அவர் பறக்கப் பயிலத் தொடங்கினார். அவர் பிறவி மேதை அல்லர். மற்றவர்கள் பத்து மணி நேரப் பயிற்சியில் தனியே பறந்துவிட, எமிக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம் தேவைப்பட்டது. விமானத்தைத் தரையில் இறக்குவதுதான் அவருக்குக் கடைசிவரை கைவராத கலை. கணக்குப் பாடத்தில் பின்தங்கியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சிறிது ஆறுதல் தரும் செய்தி! 1929 ஜூலையில் அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. காலையில் அலுவலகம் செல்லுமுன்பே விமானக் கொட்டகைக்குப் போய், அழுக்கு உடை அணிந்து, தலைமை மெக்கானிக் ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்பவரிடம் இன்ஜின் வேலை பயின்றார். அங்கிருந்த ஆண்கள் அவரை ஜானி என்று அழைக்கலாயினர். 1929 டிசம்பரில் விமானங்களைப் பழுது பார்க்கும் தரைப் பொறியாளர் உரிமத்தையும் பெற்றார். இங்கிலாந்தில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண்மணி அவரே. இந்த இரண்டாவது உரிமத்தைத்தான் நான் முதலாவதை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

அவர் கற்றது என்ன? அவரது ஜிப்சி மாத் விமானத்தில் நான்கு சிலிண்டர்களும் சுமார் 100 குதிரைத் திறனும் கொண்ட சிறிய இன்ஜின் இருந்தது. பெட்ரோல் தொட்டி மேலிறக்கையின் நடுவில் இருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே குழாய் வழியே கார்பரேட்டருக்கு இறங்கும். அங்கே காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போய், பிளக்கின் தீப்பொறியால் எரியும். அப்பாவின் ஸ்கூட்டரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்று அறிந்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆகவே இன்ஜின் வலுவிழந்தால் பெட்ரோல் வருகிறதா, பொறி விழுகிறதா, காற்று சரியாகக் கலக்கிறதா என்று மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டு வரவேண்டும். பொறி தருவதற்கு அந்த இன்ஜினில் இரண்டு மாக்னெட்டோக்கள் உண்டு. ஒன்றை நிறுத்திப் பார்த்தால் சுழற்சி சிறிதே குறையும். மிகவும் குறைந்து இன்ஜின் நடுங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் மற்றொன்றில் கோளாறு என்று பொருள். இன்றைக்கும் சிறு விமானங்களை ஓட்டுவோர் ஓடுபாதைக்குள் நுழையுமுன் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடுவதும் உண்டு. தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது. ஆதலால் தொட்டியின் அடியில் தங்கி, முதலில் அதுவே இன்ஜினுக்குப் போகும். அக்காலத்தில் தகர டின்களிலிருந்து பெட்ரோலை ஊற்றும்போது மெல்லிய தோலை வடிகட்டியாகப் பிடிப்பார்கள். தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. எங்கள் பக்கத்து ஊரான ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் தேஜஸ் போர் விமானத்துக்கு எரிபொருள் வடிகட்டிகளை உருவாக்கியிருக்கிறது என்று படித்தேன். தோல் துண்டு செய்த வேலைதான் அங்கே நுட்பமாக வளர்ந்திருக்கிறது!

இன்னுமொரு வேடிக்கை: பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலும் குளிர்ச்சி உண்டாகும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருப்பதைப் போல. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே வியர்க்கும் வெப்பம் இருந்தாலும் கார்பரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி படிந்து காற்று அடைபடும். நம் சென்னையின் ஈரக்காற்றில்கூட இது நேரக்கூடுமாம்.

இனி எமியின் பயணத்துக்கு வருவோம்.

இயந்திர எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபுவும் எமியின் தந்தையாரும் பணம் போட்டு, 600 பவுனுக்கு ஒரு பழைய ஜிப்சி மாத் விமானத்தை வாங்கிக் கொடுத்தனர். தந்தையின் மீன் வணிக முத்திரையான ஜேசன் என்ற பெயரையே எமி அதற்குச் சூட்டினார். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து தம் சொந்த ஊர் வரைதான். போக எண்ணியதோ ஏறத்தாழ 11,000 மைல்! பெர்ட் ஹிங்க்லர் என்னும் விமானி 1928-இல் பதினைந்தரை நாளில் அப்பயணத்தை முடித்திருந்தார். அதை முறியடிப்பதே எமியின் நோக்கம்.

1930-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், திங்கட்கிழமை காலை, க்ராய்டன் திடலிலிருந்து அவர் கிளம்பினார். நீண்ட தூரம் போகவேண்டி இருந்ததால் விமானத்தினுள் கூடுதல் தொட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அவை கீழே இருந்தமையால் பெட்ரோல் தானாக மேலே ஏறாது. ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே மறு கையால் பம்பு அடித்து மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மறந்தால் இன்ஜின் நின்றுவிடும். அந்தப் பம்பில் கசிவு வேறு ஏற்பட்டது. பெட்ரோல் வாடையில் தலைசுற்றிக் குமட்டியபோதும் அவர் பம்பு அடிப்பதை நிறுத்த முடியவில்லை. மூடியில்லாத விமானம், குளிர்காற்று, பேச்சுத் துணைக்கு ஆளில்லை. தண்ணீர்க் குழாயில் நாலு குடம் அடித்தாலே கை வலிக்கிறது என்று அம்மாவிடம் முறையிடும் நான், இந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

பாக்தாதுக்கு முன்னால் மணற்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. அங்கே அவர் செய்த முதல் வேலை, மணல் கார்பரேட்டருக்குள் புகாதபடி இன்ஜினைக் கித்தான் துணியால் மூடியதுதான். பிறகு விமானம் காற்றில் புரண்டுவிடாதபடி அதன் வால்மீது உட்கார்ந்துகொண்டார். உயிருக்கு அஞ்சவேண்டிய நேரத்திலும் கார்பரேட்டரின் நினைவு வந்ததே!

மே 10-ஆம் நாள் கராச்சியை அடைந்தார். ஆறே நாள்! ஹிங்க்லரை விட இரண்டு நாள் முந்திவிட்டார். உலகப் பத்திரிகைகள் அப்போதுதான் இந்தத் தட்டெழுத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தன.

அடுத்துப் போகவேண்டிய இடம் அலகாபாத், அதாவது இன்றைய பிரயாக்ராஜ். எதிர்க்காற்று அடித்தது. வழி தப்பியது. தொட்டியில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்க ஒன்றுமில்லை. ஜான்சியில் படைவீரர்களின் அணிவகுப்புத் திடல் ஒன்று கண்ணில் பட, அங்கே இறக்கினார். விமானம் ஓடிப்போய்ப் படைவீடுகளின் இடையே முட்டி நின்றது. இறக்கை சேதமடைந்தது. இராணி இலட்சுமிபாயின் ஊரில், வானத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்கியதைக் கண்ட சிப்பாய்கள் எப்படித் திகைத்திருப்பார்கள்! இறக்கை செப்பனிடப்பட்டு, மே 12-இல் அலகாபாத் வழியாகக் கல்கத்தாவின் டம் டம் திடலை அடைந்தார்.

மறுநாள் பர்மாவில் பெருமழை. இரங்கூன் குதிரைப் பந்தயத் திடலைத் தேடியவர், அதற்கு வடக்கேயுள்ள இன்சேன் என்னும் ஊரில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கி, ஓரத்துப் பள்ளத்தில் விமானத்தைச் சாய்த்துவிட்டார். முன்விசிறி, சக்கரத் தாங்கி, இறக்கை மூன்றும் உடைந்தன. ஆனால் பாருங்கள் தோழியரே, அது ஒரு தொழிற்கல்வி நிலையத்தின் திடல்! ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்தார்கள். முன்விசிறிக்கு மாற்று ஒன்றை எமி உடன் கட்டியே கொண்டு வந்திருந்தார். இறக்கைத் துணிக்குத்தான் வழியில்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தனவாம். அவற்றைக் கிழித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். ஜேசன் பாதி சட்டை அணிந்த விமானமாயிற்று. ஆனால் முந்தியிருந்த நாட்களெல்லாம் அங்கே கரைந்துபோயின. மே 16-இல்தான் அவரால் கிளம்ப முடிந்தது.

பாங்காக், சிங்கப்பூர், ஜாவாத் தீவு என்று போய், கடைசியில் தீமோர் கடலைக் கடந்து 24-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். கிறிஸ்தவர்களின் சகாய அன்னையின் திருநாள் அது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் உடனே கவனித்திருப்பீர்கள். பயணம் 19 நாளுக்கும் மேலாகிவிட்டது. ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்க முடியவில்லை. எமி அதைத் தோல்வியாகவே எண்ணி வருந்தினார். உலகமோ அப்படி எண்ணவில்லை. அரசர் விருது வழங்கினார். ஒரு நாளேடு 10,000 பவுன் அளித்தது. அடுத்த சில நாட்களில் பிரிஸ்பேன் நகரில், திரண்டிருந்த மக்களின் கண்ணெதிரே விமானத்தைக் குப்புறக் கவிழ்த்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் 1931-இல் ஹம்ஃப்ரீஸுடன் டோக்கியோ வரை பறந்தார். 1932-இல் ஜிம் மாலிசன் என்னும் விமானியை மணந்து, அதே ஆண்டில் அவருடைய கேப்டவுன் சாதனையையே தாம் தனியாகப் பறந்து முறியடித்தார்! 1933 ஜூலையில் இருவரும் சேர்ந்து வேல்ஸ் கடற்கரையிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமல் பறந்தனர். பெருங்கடலைக் கடந்தாயிற்று. நியூயார்க்குக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இருக்கையில் பெட்ரோல் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் இருட்டில் இறங்க முயன்று விமானம் கவிழ்ந்தது. இருவரும் காயத்தோடு தப்பினர்.

1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பெரிய பந்தயம் நடந்தது. அதில்தான், என் எண்ணத்தில், எமியின் வாழ்க்கையிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. இருவரும் காமெட் என்னும் வேக விமானத்தில் கராச்சியை 22 மணி நேரத்தில் எட்டி முன்னணியில் நின்றனர். அங்கிருந்து இரவில் வழி தப்பி ஜபல்பூரில் இறங்கினர். அங்கே விமானத்துக்குரிய உயர்தரப் பெட்ரோல் கிடைக்கவில்லை. பேருந்துகளுக்கு வைத்திருந்த சாதாரணப் பெட்ரோலே கிடைத்தது. அதையே ஊற்றிக்கொண்டு கிளம்பினர்.

பெட்ரோல் பெட்ரோல்தானே என்று நாம் நினைப்போம். காமெட்டின் இன்ஜின்கள் பந்தயத்துக்கென்றே காற்றை மிகுதியாக அழுத்தும்படி செய்யப்பட்டவை. தரம் குறைந்த பெட்ரோல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. பொறி விழுந்து சீராக எரிவதற்குப் பதிலாகத் தானே வெடிக்கும். சுத்தியலால் தட்டுவது போல ஓசை கேட்கும். சூடு ஏறி பிஸ்டனே கருகும். அப்படியேதான் நடந்தது. எப்படியோ அலகாபாத் வரை தத்தளித்துப் போய்ச் சேர்ந்தனர். பந்தயம் அங்கேயே முடிந்தது. இன்ஜினின் ஒவ்வொரு திருகையும் அறிந்த எமிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வேறு வழியில்லை என்று ஊற்றினார்களா, அவசரம் கண்ணை மறைத்ததா? நானாக இருந்தால் காத்திருப்பேன் என்று வீட்டில் சொன்னேன். பந்தயத்தில் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று அப்பா சிரித்தார்.

1935 முதல் 1937 வரை இங்கிலாந்தின் பெண் பொறியாளர் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தார். 1936-இல் மீண்டும் கேப்டவுன் சாதனை. 1938-இல் மணவாழ்க்கை முறிந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்தும் திடலிலிருந்தும் வேறிடங்களுக்கு ஓட்டிக் கொண்டுசேர்க்கும் படையில் 1940-இல் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்றவர், மற்றப் பெண்களோடு ஒருவராய் நின்று அந்தத் தபால்காரர் வேலையைச் செய்தார். அவ்விமானங்களில் பேசுவதற்கு ரேடியோ கிடையாது.

1941-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தம் தங்கை வாழ்ந்த பிளாக்பூல் நகரிலிருந்து, ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள கிட்லிங்டனுக்கு ஓர் இரட்டை இன்ஜின் விமானத்தை ஓட்டிச் சென்றார். ஒன்றரை மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம். மேகமும் பனியும் நிலத்தை மறைத்துவிட்டன. மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு, போகவேண்டிய ஊரைத் தாண்டி வெகுதொலைவில், தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அவர் பாராசூட்டில் இறங்குவதைக் கப்பலிலிருந்தோர் கண்டனர். கீழே இறங்க இடம் காணாமல் மேகத்தின் மேலேயே சுற்றிப் பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. வேறு விதமாகச் சொல்வோரும் உளர். பனி தூவிக்கொண்டிருந்தது, அலை வலுவாக இருந்தது. ஹாஸில்மியர் என்ற கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெச்சர் அந்த உறைநீரில் தாமே குதித்தார். எமியைக் காப்பாற்ற இயலவில்லை. அவரும் உயிர் நீத்தார். அவர் குதித்துத் தேடியது யாரை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ.

எமியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்போது அவருக்கு வயது 37. அவருடைய பயணப்பை மட்டும் நீரில் மிதந்து வந்தது.

ஜேசன் இப்போது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். பச்சை நிற உடல். வெள்ளி நிற இறக்கைகள். இரண்டு மேலிறக்கைகளும் சேருமிடத்தில், விமானி உட்காரும் இடத்துக்கு முன்னால், அந்தப் பெட்ரோல் தொட்டி புடைத்துக்கொண்டு தெரிகிறது. அப்பாவிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, அதன் மூடியில் காற்றுத்துளை எங்கே இருக்கிறது என்றுதான்.